மாவு மில் தொடங்குமுன் ஒரு கணக்கு

திரிகையும் உரலும் நம் இல்லங்களில் ஒலித்த காலம் போய்விட்டது. விடியுமுன் எழுந்து கேழ்வரகு திரித்த தாய்மார்களின் உழைப்பை இன்று மின்சார மோட்டார் ஏற்றுக்கொண்டுள்ளது. இது மகிழத்தக்க மாறுதலே. ஆயினும் அந்த மோட்டார் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பல சிற்றூர்களில் அது ஊரில் இல்லை. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடைவீதியில் இருக்கிறது. தானியத்தைப் பையில் கட்டி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, மில்லில் முறைக்குக் காத்திருந்து, மாவோடு வீடு திரும்புவதற்குள் அரை நாள் கழிந்துவிடுகிறது. தார் சுற்ற வேண்டிய கைகளும் களை எடுக்க வேண்டிய கைகளும் அந்த அரை நாள் சும்மா இருக்கின்றன. அரவைக்கூலியை நாம் கணக்கில் எழுதுகிறோம். இந்த அரை நாளை எழுதுவார் இல்லை.

ஆகவே, "நம் சங்கமே ஒரு மாவு மில் வைத்தால் என்ன?" என்று பொதுக்குழுவில் ஓர் அங்கத்தினர் எழுந்து கேட்பது இயல்பு. நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி எழுந்த மறுவாரமே இயந்திர வியாபாரியிடம் விலை கேட்கப் புறப்பட்டுவிடுவதுதான் நாம் செய்யும் பிழை. இயந்திரத்தின் விலையை அறிந்தவர்கள், அதில் விழப்போகும் தானியத்தின் அளவை அறிவதில்லை. திறப்பு விழா நடந்து, மாலையும் வாடிய சில மாதங்களில், பூட்டிய கதவும் தூசி படிந்த மோட்டாருமாய் நிற்கும் மில்களை நாம் காணாமலில்லை. அவற்றில் முடங்கிக் கிடப்பது அங்கத்தினரின் பங்குப் பணம்.

நெசவாளர் எவரும் நூலின் அளவை எண்ணாமல் பாவு ஓட்டுவதில்லை. விவசாயி எவரும் கிணற்று நீரை அறியாமல் நடவு தொடங்குவதில்லை. மாவு மில்லுக்கும் அதே நியதிதான். முதலில் தானியத்தை எண்ணுக. பிறகு இயந்திரத்தை வாங்குக. இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றையே.

கூட்டுறவும் மாவும்

மாவு மில்லுக்கும் கூட்டுறவுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. இங்கிலாந்தில் ஹல் நகரத்து ஏழை மக்கள், மாவின் விலையேற்றத்தைத் தாங்க முடியாமல், 1795ஆம் ஆண்டிலேயே தாங்களே ஒன்றுகூடி மில் அமைக்க முற்பட்டனர். 1844 டிசம்பர் 21ஆம் நாள் ராச்டேல் முன்னோடிகள் தங்கள் சிறு கடையைத் திறந்தபோது, அதில் வைத்திருந்த மிகச் சில சரக்குகளுள் மாவும் ஒன்று. அந்த முன்னோடிகளுள் பலர் நெசவாளர் என்பதை நம் கைத்தறி அன்பர்கள் நினைவிற் கொள்ளல் தகும். 1847இல் லீட்ஸ் நகரத்துத் தொழிலாளர் கலப்படமற்ற மாவுக்காகவே ஒரு சங்கம் கண்டனர். 1850இல் ராச்டேலிலும் ஒரு கூட்டுறவு மாவு மில் தோன்றியது.

இவர்களைக் கூட்டிய காரணங்கள் இரண்டு: நியாய விலை, கலப்படமற்ற மாவு. இன்றும் நம் மில்லுக்கு இவ்விரண்டைவிடச் சிறந்த நோக்கம் வேறு இல்லை. தம் கண்முன் தம் தானியம் அரைபடுவதைக் காண்பவருக்கு மாவின் தூய்மையைப் பற்றி எவரும் சான்றிதழ் தர வேண்டியதில்லை.

தானியக் கணக்கு

சங்கத்தின் குமாஸ்தாவோ நிர்வாகக் குழுவினரோ ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வீடு வீடாகச் செல்லட்டும். மாதம் எவ்வளவு கேழ்வரகு, கம்பு, சோளம், கோதுமை, அரிசி அரைக்கிறீர்கள்? எங்கே அரைக்கிறீர்கள்? என்ன கூலி கொடுக்கிறீர்கள்? இம்மூன்று கேள்விகள் போதும். "நம் மில் வந்தால் வருவீர்களா?" என்று கேட்க வேண்டாம். அதற்கு எல்லோரும் வருவோம் என்றே சொல்வார்கள். சென்ற மாதம் செய்ததைக் கேட்டால்தான் உண்மை வெளிப்படும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் கணக்கின் வழியைக் காட்டுவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. அவரவர் ஊர் நிலவரப்படி எண்களை மாற்றிக்கொள்க.

300 குடும்பங்கள் உள்ள ஒரு சங்கம். குடும்பத்துக்கு மாதம் 8 கிலோ அரவை. ஆக மாதம் 2,400 கிலோ. கிலோவுக்கு 10 ரூபாய் கூலி என்றால் வரவு 24,000 ரூபாய். இதைக் கேட்டவுடன் மகிழ்ச்சி தோன்றும். இனிச் செலவைப் பார்ப்போம்.

மில் நடத்துபவர் சம்பளம் 12,000 ரூபாய். அறை வாடகையும் மின்சார நிலைக்கட்டணமும் சேர்த்து 3,000. சல்லடை, பெல்ட், பழுது ஆகியவற்றுக்கு ஒதுக்கீடு 1,500. இயந்திரத்துக்கும் அதை நிறுவுவதற்கும் 3,00,000 ரூபாய் கடன் வாங்கி ஐந்தாண்டில் அடைப்பதாயின், நூற்றுக்கு 11 வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 6,500. இந்த நான்கும் சேர்ந்து 23,000 ரூபாய். ஒரு கிலோ அரைத்தாலும் ஓராயிரம் கிலோ அரைத்தாலும் இந்தச் செலவு குறைவதில்லை.

இதற்கு மேல் ஓட்டத்துக்கான மின்சாரம். 10 குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் எட்டரை யூனிட் ஆகும். மணிக்கு 60 கிலோ அரைபடும் என்றும் யூனிட் 8 ரூபாய் என்றும் கொண்டால், கிலோவுக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 15 காசு மின்சாரத்துக்கே போகிறது. எனவே 10 ரூபாய் கூலியில் மற்றச் செலவுகளுக்கு மிஞ்சுவது 8 ரூபாய் 85 காசு.

23,000 ரூபாயை இந்தத் தொகையால் வகுத்தால் 2,600 கிலோ வருகிறது. மாதம் 2,600 கிலோ அரைத்தால்தான் மில் தன் காலில் நிற்கும். நம் சங்கத்திலோ 2,400 கிலோதான் உண்டு. மாதம் சுமார் 1,760 ரூபாய் நஷ்டம். ஓராண்டில் இருபத்தோராயிரம் ரூபாய்க்கு மேல்! இத்தனைக்கும் மில் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே ஓடுகிறது. மற்ற நேரமெல்லாம் இயந்திரம் உறங்க, சம்பளமும் வட்டியும் விழித்திருக்கின்றன.

அப்படியானால் மில் வேண்டாமா? அவ்வாறு முடிவு கட்ட வேண்டுவதில்லை. நஷ்டத்துக்கும் லாபத்துக்கும் இடையே நிற்பது 200 கிலோ தானியம்தான். அந்தத் தானியத்தை எங்கிருந்து பெறுவது என்பதை மில் திறக்குமுன் கண்டறிய வேண்டும் என்பதே நம் கருத்து.

கூலி அரவையும் மாவு விற்பனையும்

மாவு மில் தொழிலில் இரண்டு தொழில்கள் அடங்கியுள்ளன. பிறர் கொணரும் தானியத்தைக் கூலிக்கு அரைப்பது ஒன்று. தானியத்தை வாங்கி அரைத்து மாவாக விற்பது மற்றொன்று. முன்னதில் முதலீடு குறைவு. சரக்கு கெடும் அச்சமும் இல்லை. ஆனால் வருமானம் வருவோரை நம்பியது. பின்னதில் வருமானம் கூடுதல். ஆனால் தானியம் வாங்கவும், இருப்பு வைக்கவும், பொட்டலம் கட்டவும் பணம் வேண்டும். விற்காத மாவு நம் தலையில் விழும்.

புதிய சங்கம் கூலி அரவையில் தொடங்குவதே உத்தமம். அது காலூன்றிய பிறகு, இயந்திரம் உறங்கும் நேரத்துக்கு வேலை தேடலாம். நம் அங்கத்தினரில் கேழ்வரகு விளைவிப்போர் உள்ளனர். மாவு வாங்குவோரும் உள்ளனர். விளைவிப்போரிடம் நியாய விலைக்குக் கேழ்வரகு வாங்கி, சங்கக் கடையிலேயே மாவாக விற்றால் இடைத்தரகு ஒன்று குறையும். மேற்கண்ட கணக்கில் மாதம் 1,000 கிலோ இவ்விதம் சேர்ந்தால் அரவை 3,400 கிலோ ஆகிறது. அரவைக்கூலியை மட்டும் கணக்கிட்டாலும், நஷ்டம் மறைந்து மாதம் ஏறத்தாழ 7,000 ரூபாய் மிச்சம் காணும்.

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் கேழ்வரகுக் களி இன்றும் அன்றாட உணவு. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. அதே ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. குடும்ப அட்டைக்குக் கேழ்வரகு தானியமாகக் கிடைக்குமிடத்தில், அதை மாவாக்க ஒரு மில் வேண்டும் அல்லவா? இத்தகைய வாய்ப்புகளைத் தானியக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இயந்திரத் தேர்வு

பொதுவாகக் கிடைப்பவை இரண்டு வகை. திரிகையைப் போல் இரண்டு கற்களுக்கிடையே தானியத்தை அரைக்கும் சக்கி ஒரு வகை. சுழலும் இரும்புக் கட்டைகளால் தானியத்தை அடித்துச் சல்லடை வழியே தள்ளும் பல்வரைசர் மற்றொரு வகை. கோதுமை மாவுக்குக் கல் சக்கியை மக்கள் விரும்புவர். கேழ்வரகு, சோளம், மிளகாய், மஞ்சள், மல்லி எனப் பலவற்றையும் அரைக்கப் பல்வரைசர் ஏற்றது. சல்லடையை மாற்றினால் நைவும் மாறும்.

கல் சக்கியின் கற்களைக் காலத்துக்குக் காலம் கொத்தவேண்டும். கொத்தியவுடன் முதலில் சிறிது தவிட்டையோ கழிவுத் தானியத்தையோ ஓட்டி, கல் துகளை வெளியேற்றிய பின்னரே அங்கத்தினரின் தானியத்தைப் போடுக. இரும்பு இயந்திரமாயின் தானியம் விழும் வாயிலில் காந்தம் இருத்தல் அவசியம். ஆணித் துண்டு ஒன்று உள்ளே சென்றால் சல்லடை கிழியும், தீப்பொறியும் எழும்.

மிளகாய் அரைத்த இயந்திரத்தில் கேழ்வரகு அரைத்தால், அந்த மாவில் குழந்தைக்குக் கூழ் காய்ச்ச முடியாது. மசாலாவுக்குத் தனி இயந்திரம் வைப்பதே முறை. அதற்கு வசதியில்லாத வரையில் மசாலா அரவையை ஏற்காதிருப்பதே நேர்மை. ஊறவைத்த அரிசிக்கும் உலர்ந்த தானியத்துக்கும் ஒரே இயந்திரம் கூடாது. ஈர மாவு உள்ளே ஒட்டிப் புளித்து அடுத்தவர் மாவையும் கெடுக்கும்.

மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அறுந்தால் மோட்டார் சுருள் வெந்துபோகும். அதைத் தடுக்கும் கருவியும் நல்ல ஸ்டார்ட்டரும் பொருத்துவதற்கு ஆகும் செலவு, ஒருமுறை சுருள் கட்டும் செலவைவிடக் குறைவு. தேவைக்கு மேற்பட்ட மோட்டாரை வாங்க வேண்டாம். ஒப்புதல் பெற்ற மின்பளு கூடக்கூட, ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணமும் கூடும்.

தானியத்தின் குணம்

நல்ல மாவு மில்லில் பிறப்பதில்லை. களத்திலும் முறத்திலும் பிறக்கிறது. கல், மண், பதர் நீக்காத தானியம் மாவையும் கெடுக்கும், இயந்திரத்தையும் கெடுக்கும். ஈரமும் அவ்வாறே. தானியத்தில் ஈரம் நூற்றுக்கு 12 பங்குக்கு மேல் இல்லாதிருத்தல் நலம். ஈரமானி இல்லாத இடத்தில் பல்லே கருவி: கடித்தால் படக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் மீண்டும் வெயிலில் காயட்டும்.

இயந்திரத்திலிருந்து மாவு சூடாகவே வரும். அச்சூட்டுடன் பையில் கட்டினால் உள்ளே வியர்த்து, கட்டி தட்டி, பூசணம் பிடிக்கும். சுத்தமான துணியில் பரப்பி ஆறவிட்ட பின்பே கட்ட வேண்டும்.

கம்பைப் பற்றித் தனியே கூற வேண்டும். கம்பில் கொழுப்பு நூற்றுக்கு 5 பங்கு அளவுக்கு உண்டு. அரைத்தவுடன் அக்கொழுப்பு காற்றோடும் தானியத்திலுள்ள நொதியோடும் கலந்து சிதையத் தொடங்குகிறது. அதனால்தான் கம்பு மாவு சில நாட்களிலேயே கசக்கிறது. மில்லைக் குறை கூறுவதில் பயனில்லை. கம்பு மாவை மூட்டையாக அரைத்து இருப்பு வைக்கும் சங்கம் நஷ்டமடையும். வாரந்தோறும் வேண்டிய அளவே அரைத்துத் தருவது வழி. கேழ்வரகிலோ கொழுப்பு மிகக் குறைவு. நன்கு உலர்த்தி அரைத்த மாவு பல வாரம் கெடாதிருக்கும். மேலும் 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆகவே சங்கம் முதலில் விற்பனைக்கு எடுத்துக்கொள்ளத் தக்க மாவு கேழ்வரகு மாவே.

தராசும் நம்பிக்கையும்

மில்லில் எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை எடையைப் பற்றியவை. பத்துக் கிலோ தானியம் கொடுத்தால் பத்துக் கிலோ மாவு வராது. ஈரம் ஆவியாகிறது, சிறிது தூளாய்ப் பறக்கிறது, சிறிது இயந்திரத்துள் தங்குகிறது. இச்சேதாரத்தை மறைக்காமல், அரைக்குமுன்னும் பின்னும் அங்கத்தினர் கண்முன் நிறுத்துக் காட்ட வேண்டும். எடைத் துறையின் முத்திரை பெற்ற தராசும், தானியம், எடை, கூலி மூன்றையும் பதியும் ரசீதும் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. முன்னவர் தானியத்தின் மிச்சம் பின்னவர் மாவில் கலப்பதும் மனக்கசப்புக்குக் காரணமாகும். திங்கள், வியாழன் கேழ்வரகு. செவ்வாய், வெள்ளி கோதுமை என்று தானியத்துக்கு நாள் குறித்துவிட்டால் கலப்பும் குறையும். இயந்திரம் வெறுமனே ஓடும் நேரமும் குறையும்.

உயிருக்கு ஊறு நேராவண்ணம்

மில்லுக்கு வருவோரில் பெரும்பாலோர் பெண்கள். சுழலும் பெல்ட் ஒரு முந்தானையையோ பின்னலையோ பற்றிவிட்டால், மோட்டாரை நிறுத்துவதற்குள் விபரீதம் நேர்ந்துவிடும். ஆகவே பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் இரும்பு வலை மூடி இல்லாமல் ஒரு நாளும் மில்லை ஓட்டலாகாது. வருவோர் நிற்க இயந்திரத்துக்கு அப்பால் தடுப்புடன் இடம் வேண்டும். குழந்தைகளை உள்ளே விடலாகாது.

மாவுத் தூசியும் எளிதன்று. காற்றில் அடர்ந்து பறக்கும் மாவுத் தூசி தீப்பட்டால் வெடிமருந்துபோல் வெடிக்கும். 1878 மே 2ஆம் நாள் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்துப் பெரிய மாவு மில் ஒன்று இவ்விதம் வெடித்து 18 தொழிலாளர் மாண்டனர். நம் சிறு மில்லில் அத்தனை தூசி இராது எனினும், பீடி சிகரெட்டுக்கு இடம் தரலாகாது. காற்றோட்டம் வேண்டும், சுவரிலும் உத்தரத்திலும் படியும் தூசியை நாள்தோறும் துடைக்க வேண்டும். மில் நடத்துபவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கணக்கில் மாவுத் தூசியைச் சுவாசிப்பவருக்கு இழைப்பு நோய் வரக்கூடும்.

விதிமுறைகள்

முதலில் சங்கத்தின் துணைவிதிகள் மில் நடத்த இடந்தருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையேல் பொதுக்குழுவில் தீர்மானித்து, திருத்தத்துக்கு 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி பதிவு பெற வேண்டும். நெசவாளர் சங்கங்கள் இதற்குக் கைத்தறித் துறையை அணுகுக. அடுத்து ஊராட்சியின் உரிமமும் தொழிலுக்குரிய மின் இணைப்பும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றுமுதலுக்கேற்பப் பதிவோ உரிமமோ பெறுதல் கட்டாயம். மாவைப் பொட்டலமாக விற்பதாயின், சங்கத்தின் பெயர், முகவரி, நிகர எடை, கட்டிய மாதமும் ஆண்டும், விலை ஆகியவை உறைமேல் இருத்தல் வேண்டும்.

சிறு உணவுத் தொழில்களுக்கென மத்திய அரசு 2020இல் தொடங்கிய திட்டத்தில், தகுதியுள்ள முதலீட்டில் நூற்றுக்கு 35 பங்கு மானியம் வங்கிக் கடனுடன் இணைத்து வழங்கப்பட்டது. இதுபோன்ற உதவி இப்போது எது நடப்பில் உள்ளது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்து விண்ணப்பிக்கலாம். ஆயினும் ஒன்றை மறவாதீர்: மானியம் இயந்திரத்தின் விலையைக் குறைக்கும், தானியத்தைக் கொண்டுவந்து போடாது. மானியம் உண்டென்பதற்காகப் பெரிய இயந்திரம் வாங்குவது, துணி மலிவென்பதற்காக உடம்புக்கு மேற்பட்ட சட்டை தைப்பது போன்றதாகும்.

முடிவாக

மில்லில் மிச்சம் காணும் ஆண்டில் அதை எவ்வாறு பகிர்வது? ராச்டேல் முன்னோடிகள் காட்டிய வழியே சிறந்தது. தேய்மானத்துக்கும் காப்பு நிதிக்கும் ஒதுக்கியது போக, எஞ்சியதைத் துணைவிதிகள் அனுமதிக்கும் அளவுக்கு, அவரவர் அரைத்த அளவுக்கேற்பத் திருப்பித் தரலாம். தம் ரசீதுகளைச் சேர்த்து வைத்த ஓர் அங்கத்தினர், ஆண்டு முடிவில் கூலியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவாராயின், அடுத்த ஆண்டு அவர் கடைவீதிக்குப் போகமாட்டார். நம் கணக்கில் குறைந்த 200 கிலோ அப்படித்தான் வந்து சேரும்.

அடுத்த பொதுக்குழுவில் மில் பற்றிய பேச்சு எழுந்தால், முதல் தீர்மானம் இயந்திரம் வாங்குவதாக இருக்க வேண்டாம். வீடு வீடாகச் சென்று தானியத்தைக் கணக்கெடுக்க நால்வரை நியமிப்பதாக இருக்கட்டும்; அந்நால்வரில் இருவரேனும் பெண்களாக இருக்கட்டும். அரவைக்காக அலைபவர்கள் அவர்களே. அரை நாளின் விலையை அறிந்தவர்களும் அவர்களே. அந்த நோட்டுப் புத்தகம் 'போதும்' என்று சொன்னால் துணிந்து தொடங்குக. 'போதாது' என்று சொன்னால் பக்கத்து ஊர்ச் சங்கத்தை அழைத்து, இரு ஊருக்கும் பொதுவாக ஒரு மில் காண்க. எவ்வாறாயினும், அங்கத்தினரின் பங்குப் பணம் பூட்டிய கதவுக்குப் பின்னே தூசி படியாதிருக்க அந்தச் சிறு நோட்டுப் புத்தகமே காவல்.